லாரிக்குப் பின்னால்

“டிரைவர், பக்கத்து லேன் காலியா கிடக்கு. அதை விட்டுட்டு இந்த ஓட்டை லாரி பின்னாடியே ஏன் போறீங்க?” முன்சீட்டிலிருந்து கிஷோர் கத்தினான்.

“பிரேக் கொஞ்சம் லூஸா இருக்கு சார். மெதுவாப் போயிடலாம்” என்றான் டிரைவர் கவியரசன்.

பெங்களூர் பொம்மசந்திராவில் ஆபீஸ் வண்டி ஏறினால் அல்சூர் வரை கொஞ்ச நாளாகத் தினமும் இதே பாட்டுதான். ஓசூர் ரோட்டில் புதுப்புதுக் கார்கள் வழுக்கிக்கொண்டு போகும். கவியரசன் மட்டும் எங்கிருந்தாவது ஒரு பழைய லாரியைத் தேடிப் பிடித்து, அதன் புகையைக் குடித்துக்கொண்டே ஊர்வான். லாரி கிடைக்காத நாளில் முன்னால் போகிற காருக்கு அவ்வளவு இடைவெளி விடுவான். அந்த இடத்தில் ஆட்டோக்கள் வரிசையாக நுழைந்து நன்றி சொல்லாமல் போகும்.

பின்சீட்டில் கிருத்திகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டே கேர் நடத்தும் மமதா நேற்றே சொல்லிவிட்டாள்: “இனிமேலும் லேட்டா வந்தா குழந்தைக்கு வேற இடம் பார்த்துக்குங்க மேடம்.” வேறு இடத்துக்கு எங்கே போவது? வேலையை விட வேண்டியதுதான்.

போன மாதமும் வேலையை விடுகிற நிலைமைதான். அப்போது காரணம் தலைவலி. இருட்டத் தொடங்கினால், முன்னால் போகிற கார்களின் சிவப்பு விளக்குகள் அவள் கண்ணுக்கு விட்டுவிட்டுத் துடிக்கும். பார்வையைச் சட்டென்று திருப்பினால் ஒரே விளக்கு புள்ளி புள்ளியாய்ச் சிதறி ஓடும். வீடு போய்ச் சேர்வதற்குள் மண்டை பிளக்கும்.

வண்டியில் இதைச் சொன்னபோது கிஷோரும் பக்கத்து சீட் சோஃபியாவும் சிரித்துத் தீர்த்தார்கள். “எங்களுக்கெல்லாம் ஒழுங்காத்தானே எரியுது! உனக்கு மட்டும் டிஸ்கோவா?” அதோடு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

கண் டாக்டர் சிரிக்கவில்லை. “பிரமை எல்லாம் இல்லம்மா. எல்.இ.டி. லைட் நிறைய நிஜமாவே அணைஞ்சு அணைஞ்சுதான் எரியுது. அந்த வேகத்துல முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. சிலர் கண்ணுக்குத் தெரிஞ்சிடும்” என்று ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்தார். “இதுல சரியாயிடும்னு உறுதியா சொல்ல மாட்டேன்.”

ஆனால் சரியாகிவிட்டது. கண்ணாடி போட்ட வாரமே தலைவலி போன இடம் தெரியவில்லை. இப்போது இந்தக் கவியரசன் உயிரை வாங்குகிறான்.

“இந்த ஆளை மாத்தினாத்தான் நமக்கு விடிவு” என்றாள் சோஃபியா. “நீயே கம்ப்ளெயின்ட் போடு கிருத்திகா. புக்கிங் உன் பேர்லதானே இருக்கு?”

கவியரசன் ரியர்வியூ கண்ணாடியில் அவளை நிமிர்ந்து பார்த்தான். “மேடம், நீங்களுமா சொல்றீங்க?”

“ஆமா. நான்தான் எழுதப் போறேன். அங்க பெத்த குழந்தை வாசலைப் பார்த்துட்டு நிக்குது, உங்களுக்கு லாரியோட என்ன ஊர்வலம்?”

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கிஷோரை ஒரு பார்வை பார்த்தான். “சரிங்க மேடம்” என்று மட்டும் சொல்லி ரோட்டைப் பார்க்க ஆரம்பித்தான்.

கம்ப்ளெயின்ட் போட்ட மறுநாளே டிராவல்ஸிலிருந்து போன் வந்தது. “வண்டியை செக் பண்ணிட்டோம் மேடம். பிரேக் நல்லாத்தான் இருக்கு. ஆளை மாத்திடறோம்.”

பிரேக் லூஸ் என்பதும் பொய்! எழுதியது நியாயம்தான் என்று அவளுக்கு நிம்மதி.

புது டிரைவர் ராம்கி பெங்களூர்க்காரன். எந்த லேன் நகர்கிறதோ அதில் புகுந்து, முன்னால் போகிற காரை ஒட்டிக்கொண்டே பறந்தான். மமதா கதவருகே வருவதற்கு முன்பே கிருத்திகா போய் நின்றாள். குழந்தை ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டது.

அந்த வாரம் முடிவதற்குள் தலைவலி திரும்பி வந்துவிட்டது. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. வெள்ளிக்கிழமை சில்க் போர்டு சிக்னல் தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, இறங்கி வாந்தி எடுத்தாள்.

தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்த ராம்கி தயங்கித் தயங்கிக் கேட்டான். “மேடம், லைட் துடிக்கற மாதிரி தெரியுமாமே ஒருத்தருக்கு, அது நீங்கதானா?”

“யார் சொன்னா?”

“கவியரசன் அண்ணா. சாவி கொடுக்கறப்ப சொன்னாரு. இந்த வண்டியில ஒரு மேடத்துக்குப் புதுக் கார் லைட்டைப் பார்த்தா ஆகாதாம். பழைய லாரியில பழைய பல்புதானே, அது துடிக்காதாம், அதைப் பார்த்துட்டு வந்தா பாவம் நிம்மதியா இருக்காங்க, அதனால லாரி பின்னாடியே போடான்னாரு. ஸ்பீடு வேணும்னுதான் அவரையே மாத்தினீங்கன்னு டிராவல்ஸ்ல சொன்னாங்க. அதான் நான் கண்டுக்கலை. அவருக்கு இன்னும் வேற வண்டி கொடுக்கலை மேடம்.”

கிருத்திகா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கிஷோரும் சோஃபியாவும் பின்னால் இறங்கி வந்தார்கள்.

“அவர் அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமே?” என்றாள்.

“என்கிட்டயே சொல்லலை மேடம். எந்த மேடம்னு எத்தனையோ தடவை கேட்டேன். ‘பேர் வேண்டாம்டா, வண்டியில வெச்சு மறுபடியும் சிரிப்பாங்க’ன்னுட்டாரு.”