திங்கட்கிழமை இருமல்

முதலில் வம்பு செய்தவள் அந்த நர்ஸ்தான். மெத்தைக்காரருக்கு அதில் இன்றைக்கும் சந்தேகம் கிடையாது.

பேரன் பிறந்த செய்தி கேட்டதும், தைத்துக்கொண்டிருந்த மெத்தையைப் போட்டது போட்டபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினார். மகள் குழந்தையை நீட்டினாள். இவர் கை நீட்டவும் இருமல் வரவும் சரியாக இருந்தது. அந்த நர்ஸ் நடுவில் வந்து நின்றாள்.

“இப்படி இருமுறவங்க குழந்தையைத் தொடக்கூடாது. ஒட்டிக்கும். வெளியே போங்க.”

சம்பந்தி வீட்டார் அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவர் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவில்லை. பேரனை ஒருநாளும் தூக்கவில்லை. எவள் மேலோ உள்ள கோபத்தைப் பச்சைக் குழந்தையிடம் காட்டுகிற கல்நெஞ்சுக்காரர் என்று மனைவி ஓயாமல் குத்திக் காட்டினாள். அவர் ஊசியை எடுத்துக்கொண்டு மெத்தை தைக்கப் போய்விடுவார்.

அதே நர்ஸ் இப்போது மெத்தைப் பட்டறைக்குள் வந்து நின்றாள். தலை நரைத்திருந்தது. நர்ஸ் உடுப்பு இல்லை. வேலை செய்கிற இடங்களில் சனங்களுக்கு வரும் நோய்களை ஆராய்ச்சி செய்கிறாளாம். முதலாளியே எழுந்து நின்று சொன்னார்.

மெத்தைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காதைத்தான் திருப்ப முடியவில்லை.

பஞ்சடிக்கிறவர்களின் சட்டையில் ஒரு சின்னக் கருவியை மாட்டினாள். காலையில் ஒரு குழாயில் மூச்சை ஊதச் சொன்னாள். வேலை முடிந்ததும் மறுபடி ஊதச் சொன்னாள். கேள்விகள் அதைவிட விசித்திரம். எந்தக் கிழமையில் இருமல் அதிகம்? லீவு முடிந்து வந்த அன்று நெஞ்சு இறுக்குமா?

“கிழமை கேக்குறா. இவ நர்ஸா, ஜோசியக்காரியா?” என்று பக்கத்து ஆளிடம் முணுமுணுத்தார்.

ஆனால் அவருக்கும் திங்கட்கிழமைதான் இருமல் பிடுங்கி எடுக்கும். அது இவளுக்கு எப்படித் தெரியும்? வேலையே ஓடவில்லை. கடைசியில் அவரே போய்க் குழாயில் ஊதினார். சோதனைக்குச் சளியும் கொடுத்தார்.

மறு வாரம் வந்தவள் நேராக அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

“ஐயா, உங்களுக்குக் காசநோய் இல்லை. எல்லாம் பஞ்சுத் தூசி. ஞாயிறு லீவு முடிஞ்சு மறுபடி தூசியில உட்கார்ந்ததும் நெஞ்சு தாங்காது, அதான் திங்கட்கிழமை அதிகம். யாருக்கும் ஒட்டாது. தூசியை இழுக்கிற மிஷின் வைக்கச் சொல்லி முதலாளிகிட்ட பேசியிருக்கேன்.”

“திங்கட்கிழமை சமாச்சாரம் உனக்கு யார் சொன்னா?”

“நீங்கதான். உங்க பேரன் பிறந்தது திங்கட்கிழமை. அடுத்த திங்கட்கிழமை இன்னொரு மெத்தைக்காரர் அதே இருமலோட வந்தார். அதுலயிருந்து மனசு குடைய ஆரம்பிச்சது. அது என்னன்னு தெரிஞ்சுக்கத்தான் வார்டை விட்டுட்டுப் படிக்கப் போனேன்.”

அவர் மடியிலிருந்த பஞ்சை உதறினார்.

“அப்போ, அன்னிக்கு நான் தூக்கியிருக்கலாம்?”

“தூக்கியிருக்கலாம். தப்பு என்மேலதான். இனிமேலாவது கோபத்தை விட்டுடுங்க ஐயா.”

“கோபம் உன்மேலதாம்மா. குழந்தைமேல என்ன கோபம்? ஒட்டிக்கும்னு நீ சொன்னியே, அதுக்குப் பயந்துதான் இன்னிவரைக்கும் தொடலை. இப்போ அவனுக்கு மீசை முளைச்சாச்சு, என்னைவிட ஒரு முழம் உயரம். அவனை யார் தூக்கி என் கையில குடுப்பா?”