இரண்டாம் விருந்தாளி

அவள் மூன்று மிடறு குடித்தாள். தன் உதடு பட்ட விளிம்பை ஈரக் காகிதத்தால் துடைத்தாள். கிண்ணத்தைப் பக்கத்தில் இருந்த கணவரிடம் நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை.

ரசத்தில் விழுந்த பல்லியைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தார்.

அந்தப் பார்வை அவளுக்குப் பழக்கம். உப்புப் பார்த்த கரண்டியை மறுபடி பாத்திரத்தில் விட்டாயா என்று கேட்கும்போது வரும் பார்வை. அவள் ஒரு வாய் குடித்த தண்ணீரை அவர் தொண்டை வறண்டாலும் தொடமாட்டார். எச்சில்.

அவர் சாப்பிட்ட இலையில் அவள் சாப்பிட்டது மட்டும் எச்சில் கணக்கில் சேராது. கல்யாணத்தன்று ஆரம்பித்தது. மாமியார் இருந்தவரை பண்டிகைக்குப் பண்டிகை நடந்தது.

எத்தனை தடவை சொல்லியிருப்பாள். காரில் சொன்னாள். லிஃப்டில் சொன்னாள். கெட்டித் தேநீர், எல்லோருக்கும் ஒரே கிண்ணம், வரிசையாகக் குடித்துக் கை மாற்றவேண்டும், இந்தச் சடங்கே அதற்குத்தான். ம், ம் என்றார். கண் முழுக்க கிரிக்கெட் ஸ்கோரில்.

எதிரே ஹயாகவா அம்மா மண்டியிட்டு அமர்ந்திருந்தார். அடையாறில் இந்த மாடியறையில் பாய் விரித்து ஜப்பானிய மொழியும் பழக்கவழக்கங்களும் சொல்லித்தருபவர். தமிழ் தெரியாது. ஆங்கிலம் தேங்க்யூவோடு சரி. இன்று வகுப்பின் கடைசி நாள், ஆளுக்கு ஒருவரை அழைத்துவரலாம் என்று சொல்லியிருந்தார்.

வசந்தத்தில் வகுப்பே ஜப்பானுக்கு, கியோட்டோ நகரத்துக்குப் போகிறது. அவளுக்கு ஓர் இடம் உறுதி. அவருக்காக இன்னோர் இடத்தையும் ஆசிரியை பிடித்துவைத்திருக்கிறார். வேண்டுமா வேண்டாமா என்று இன்று சொல்லியாக வேண்டும்.

பச்சை மீன் தின்கிறவன் ஊரில் எனக்கு என்ன வேலை என்று அவர் எப்போதோ முடித்துவிட்டார். வகுப்புக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார். சீரியல் பைத்தியங்கள் சங்கம்.

அதில் பாதி உண்மை. அவள் ஜப்பானியத் தொடர்கள் பார்த்து வந்து சேர்ந்தவள். மற்றவர்கள் அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன் பார்த்து வந்தவர்கள். அவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த வங்கி அதிகாரி, தனக்குப் பிடித்த கதாநாயகிபோல ஒரு கற்றை முடிக்கு ஊதாச் சாயம் பூசியிருந்தாள். வேலைக்குப் போகும்போது கொண்டைக்குள் ஒளித்துவிடுவாளாம்.

இந்த ஒரு வாய் அவர் குடித்துவிட்டால் போதும் என்றிருந்தாள் அவள். மீதியைக் காலில் விழுந்தாவது பார்த்துக்கொள்ளலாம். கியோட்டோவின் கோயில்களை இவரோடுதான் பார்க்கவேண்டும் என்று ஏனோ ஓர் ஆசை. முதலில் குடிக்கும் விருந்தாளியின் இடத்தையும் தனக்குக் கேட்டு வாங்கியிருந்தாள். ஒருமுறையாவது தனக்கு அடுத்து அவர்.

எல்லோரும் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் கிண்ணத்தை வாங்கினார்.

வாங்கி, அண்ணாந்து, வாய்க்கு ஒரு சாண் மேலே தூக்கிக் கவிழ்த்தார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

தேநீர் விழவில்லை. அது கூழைவிடக் கெட்டி. பாதி வழி வந்து நின்றுகொண்டது. அவர் வாயைத் திறந்தபடி காத்திருந்தார்.

அறையே காத்திருந்தது.

கடைசியில் ஒரு சொட்டு வந்து மூக்கில் விழுந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்துத் தொலைத்தால் என்ன என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

அவர் கிண்ணத்தை இறக்கினார். விளிம்பை உற்றுப் பார்த்தார். அவள் வாய் எங்கே பட்டது என்று தேடுகிறார். கொஞ்சம் திருப்பினார். போதவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினார். அவள் குடித்த இடம் நேர் எதிர்ப்பக்கம் போன பிறகு, கஷாயம்போல ஒரு மிடறு விழுங்கினார்.

ஹயாகவா அம்மாவின் முகம் மலர்ந்தது.

கிண்ணத்தின் முகப்பாகக் கருதும் பக்கத்தில் வாய் வைக்கக்கூடாது, பணிவோடு திருப்பிக் குடிக்கவேண்டும் என்பது முறை. மாதக்கணக்காகப் படித்தவர்களுக்கே அது மறந்துபோகும். இன்று முதல்முறை வந்தவர், யாரும் சொல்லாமல் திருப்பிவிட்டார்.

ஆசிரியை பாயில் இரண்டு கைகளையும் ஊன்றி அவரை வணங்கினார். நெகிழ்ந்து ஏதோ சொன்னார்.

என்னவாம் என்று அவர் புருவத்தை உயர்த்தினார்.

மரியாதை உங்கள் ரத்தத்திலேயே இருக்கிறதாம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மொழிபெயர்த்தாள்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூக்கில் பச்சைச் சொட்டு அப்படியே இருந்தது. கிண்ணம் அடுத்த கைக்குப் போனது. ஊதாக் கற்றைக்காரி ஒரு தயக்கமும் இல்லாமல் குடித்தாள்.

"நானும் கியோட்டோ வர்றேன்னு அவங்ககிட்ட சொல்லிடு."

இதைக் கேட்கத்தான் இத்தனை மாதம் அவர் பின்னால் நடந்தாள்.

ஹயாகவா அம்மா ஆவலாக அவளைப் பார்த்தார்.

அவள் புடவையைச் சரிசெய்துகொண்டாள். இவருக்குக் கால் ஒத்துழைக்காது, கியோட்டோவுக்கு என் இடம் மட்டும் போதும் என்று நிதானமாக ஜப்பானிய மொழியில் சொன்னாள்.

அதில் கியோட்டோ என்ற ஒரு சொல் மட்டும் அவருக்குப் புரிந்தது. ஆசிரியையைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.