கடல் தெரியும் அறை

"ஜன்னலே இல்லாத ரூமா?" வசுமதி சோபாவிலிருந்து எழுந்தே விட்டாள். "அதுல எப்படிங்க ஒரு மனுஷி நாலு நாள் இருப்பா?"

கணவர் ஜெயராம் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"கப்பல்ல அதுக்குப் பேரே உள் அறை, வசு. இருக்கிறதிலேயே அதுதான் மலிவு. கோவிந்தம்மாளுக்கு அது போதும். நமக்கும் குழந்தைங்களுக்கும் பால்கனி ரூம்."

டெல்லியிலிருந்து விமானத்தில் மும்பை. அங்கிருந்து கப்பலில் லட்சத்தீவு போய்த் திரும்புவது. மூன்று வயது இரட்டைகளைத் தனியாக மேய்க்க வசுமதியால் ஆகாது. அதனால் டெல்லி ஜனக்புரி வீட்டோடு தங்கி வேலை பார்க்கும் கோவிந்தம்மாளும் வருகிறாள். எல்லாம் முடிவாகி, கடைசியில் இந்த அறை விஷயத்தில் வந்து முட்டிக்கொண்டது.

டிராவல்ஸ் அந்தோணி வேறு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போன் அடித்து உயிரை வாங்கினார்.

"ஜல்தி சொல்லுங்க மேடம். ஆறு மணிக்கு ரேட் மாறிடும்."

மணி ஐந்து இருபது. வசுமதிக்கு இருப்புக் கொள்ளவில்லை. போனைக் காதில் வைத்தபடி ஹாலுக்கும் வாசலுக்குமாக நடந்தாள்.

"உள் அறை வேண்டாம் அந்தோணி. அடுத்தது என்ன இருக்கு?"

"ஜன்னல் வச்ச ரூம் இருக்கு மேடம். ஆனா வெளியே உயிர்காப்புப் படகு தொங்கும். பாதிக் கடல்தான் தெரியும்."

"அச்சா! காசையும் வாங்கிட்டுப் படகைப் பார்க்கச் சொல்றீங்களா? முழுசாத் தெரியற ரூமா கொடுங்க."

"கொடுக்கலாம். ஆனா ஒருத்தரே தங்கினாலும் ரெண்டு பேர் கட்டணம் ஆகும்."

ஜெயராம் இப்போது தலையைத் தூக்கினார்.

"உனக்கென்ன பைத்தியமா? பகல் பூரா அவ நம்மகூடத்தானே இருக்கப் போறா? தூங்குறதுக்கு எதுக்கு ஜன்னல்?"

"பொழுது விடிஞ்சதா இல்லையான்னுகூடத் தெரியாதுங்க! வீட்டு வேலை செய்றவன்னா இருட்டுல அடைச்சுப் போட்டுடலாமா? அவளும் மனுஷிதானே?"

"நான் மனுஷி இல்லேன்னா சொன்னேன்?"

"சொல்லல. செய்யறீங்க!"

பேச்சு தடித்தது. சத்தம் கேட்டு இரட்டைகள் இரண்டும் ஒரே நேரத்தில் அழ ஆரம்பித்தன. அந்தோணியின் போன் மறுபடி அடித்தது. மணி ஐந்து ஐம்பதுக்கு ஜெயராம் ஒரு பெரிய கும்பிடு போட்டு, கிரெடிட் கார்டை எடுத்து நீட்டினார்.

பணம் போய்ச் சேர்ந்தது என்று குறுஞ்செய்தி வந்த பிறகுதான் வசுமதிக்கு மூச்சே வந்தது. மனசு நிறைந்து போயிற்று, பொய் சொல்வானேன்! இந்த பிளாக்கில் வேறு யார் இப்படிச் செய்வார்கள்? பெண்களின் வாட்ஸ்அப் குரூப்பில் இதைத் தற்பெருமை போலத் தெரியாமல் எப்படிப் போடுவது என்றுகூட யோசித்துவிட்டாள்.

முதலில் சேதியைக் கோவிந்தம்மாளிடம் சொல்ல வேண்டுமே! அடுப்படியிலிருந்து சப்பாத்தி மாவும் கையுமாக வந்தவளிடம் போனில் படத்தைக் காட்டினாள்.

"இதான் உன் ரூம். கட்டிலுக்குப் பக்கத்துலயே எவ்வளவு பெரிய ஜன்னல் பாரு. கண்ணைத் திறந்தா கடல்!"

கோவிந்தம்மாள் படத்தை உற்றுப் பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால் முகம் சங்கடத்தில் சுருங்கியது.

"எதுக்கும்மா எனக்குப் போயி இம்புட்டுச் செலவு? வேற ரூமா மாத்திடச் சொல்லுங்கம்மா. வெளிச்சம் இருந்தா எனக்குத் தூக்கம் புடிக்காதுங்க."

"இதென்னடி புதுசா இருக்கு? யாருக்காவது ஜன்னல் வேண்டாம்னு தோணுமா?"

கோவிந்தம்மாள் வெள்ளந்தியாகச் சிரித்தாள்.

"ஒம்பது வருசமா நம்ம ஸ்டோர் ரூம்ல, கூலருக்கும் இன்வர்ட்டருக்கும் நடுவுல படுத்தே பழகிருச்சு. அங்க ஏதுங்கம்மா ஜன்னல்?"