மெழுகு வயிறு

அப்பரெசிதா மாதா கோயில் வாசலில், நேர்த்திக்கடனுக்கு மெழுகு உறுப்புகள் விற்கும் கடைமுன் ஜுசாரா மூச்சு வாங்க நின்றாள். மகன் காயோ மறுபடியும் ஓடினான்.

“நில்லுடா! உன் பின்னாடி ஓடியே என் உசிரு போகுது.”

“காலைக் கட்டிப் போடும்மா,” என்றாள் கடைக்காரி. “யாருக்கு வேண்டுதல்?”

“இவனுக்குத்தான்க்கா. முதுகுல ஆபரேஷன்.”

கடைக்காரி மெழுகு முதுகு ஒன்றை எடுத்தாள்.

“அது வேண்டாம். வயிறு குடுங்க.”

“தூக்கக் கலக்கமா? முதுகு குணமானா முதுகைத்தானே வைக்கணும்!”

ஜுசாரா சட்டையை லேசாக உயர்த்தினாள். வயிற்றில் மூன்று சின்னத் தழும்புகள்.

“முதுகெலும்பு மூடல, நடக்கவே மாட்டான்னாங்க. இது வழியாத்தான் தைச்சாங்க. அப்போ இவன் உள்ள இருந்தான்.”

கடைக்காரி வயிற்றை எடுத்து நீட்டினாள்.

“ஓடட்டும் விடும்மா.”