காதுக்குக் கீழே ஒரு மச்சம்

கூண்டுல நின்ன மனுஷன் சிரிச்சாரு.

போஸ்ட் ஆபீஸ்ல கத்தியைக் காட்டிக் கொள்ளையடிச்ச கேஸு. மாட்டினா ஏழு வருஷம் உள்ள. இவரு என்னடான்னா மாப்பிள்ளை கணக்கா பல்லைக் காட்டறாரு.

"திமிரைப் பாருய்யா"ன்னு என்கிட்ட முணுமுணுத்தார் காவலுக்கு நின்ன பாரி. நான் இங்கிலாந்துல இந்த கிரிம்ஸ்பி ஊர்க் கோர்ட்டு டவாலி. எத்தனையோ சிரிப்பைப் பார்த்தவன். இது புதுசு.

ஜூரியை டீ குடிக்க அனுப்பியாச்சு. நிபுணர் சொல்றதை அவங்க கேக்கலாமா, கூடாதான்னு முதல்ல முடிவாகணுமே.

நிபுணர் டாக்டர் டிரான்டர். கேமராவுல விழுந்த திருடனையும், கூண்டுல நிக்கற கார்சைடை போலீஸ் எடுத்த போட்டோவையும் பக்கத்துல பக்கத்துல வச்சு மாசக்கணக்கா உத்துப் பார்த்தவங்க. மூக்காலதான் பேசுவாங்க.

"நெத்தி அகலம்ங்க. இடது புருவம் கொஞ்சம் தூக்கல். காதுக்குக் கீழ ஒரு மச்சம்... ரெண்டு படத்துலயும்!"

கார்சைடு காதுல கையைக் குவிச்சு, பாட்டுக் கச்சேரி மாதிரி கேட்டாரு.

அவரோட வக்கீல் மிஸ் ஆஸ்குட் துள்ளி எழுந்தா. "ஜூரிக்கும் ரெண்டு கண்ணு இருக்கே! எவ்வளவு பொருந்தினா ஒரே ஆளு? கணக்கு இருக்கா டாக்டர்?"

"கணக்குன்னு இல்ல... அனுபவம்."

"அப்போ இவரோட பழகினவங்க யாராவது வந்து சொல்லட்டும்!"

அரசு வக்கீல் தலையைக் குனிஞ்சாரு. தேடாமலா இருப்பாரு? கார்சைடோட பக்கத்து வீட்டுக்காரியே, "தொப்பி தெரியும். மூஞ்சியை எவ பார்த்தா?"ன்னுட்டாளாம்.

ஜட்ஜ் கனைச்சாரு. கிணத்துல வாளி விழுந்த சத்தம். "நிபுணர் சாட்சியம் செல்லாது."

வேற சாட்சி இல்ல. விடுதலை.

மிஸ் ஆஸ்குட் கை குலுக்கினா. கார்சைடு மூஞ்சி தொங்கிப்போச்சு.

"முழுசா சொல்ல விட்டிருக்கலாமேம்மா."

"நல்லா இருக்கே! உங்களைக் காப்பாத்தினேன் சார்!"

வெளியில டாக்டர் பையைத் தூக்கிட்டுக் கிளம்பறாங்க. கார்சைடு விறுவிறுன்னு பின்னாடியே போறாரு. போச்சுடா, சண்டைதான்னு நானும் ஓடினேன்.

"மேடம், அந்தத் திருடன் நான் இல்ல. அது கிடக்கட்டும். மச்சத்தோட நிறுத்திட்டாங்களே... மிச்சத்தையும் சொல்றீங்களா?"

"எதுக்கு?"

"என் சம்சாரம் எட்னா போனப்புறம் யாரும் இந்த மூஞ்சியை இவ்வளவு நேரம் பார்த்ததில்ல மேடம்."

டாக்டர் பையைக் கீழ வச்சாங்க. கண்ணாடியை மாட்டினாங்க. அவரை ஜன்னல் பக்கம் திருப்பி, முதல் தடவையா நேர்ல பார்த்தாங்க. அவங்க மூஞ்சியே மாறிப்போச்சு.

"மச்சத்தைக் காணோமே!"

கார்சைடு காதுக்குக் கீழ தடவினாரு. யோசிச்சாரு.

"போலீஸ் போட்டோ எடுத்த அன்னிக்கு ஷேவ் பண்றப்ப வெட்டிக்கிட்டேன் மேடம். ரத்தம் காஞ்சு ஒட்டியிருக்கும். துடைச்சுக்கோன்னு சொல்ல வீட்டுல ஆளில்ல."