டெய்லரின் முழங்கால்

மேசையின் தலைமாட்டில் ஷட்டில் கிளப் தலைவர், அவருக்கு வலப்பக்கம் பொருளாளர், இடப்பக்கம் கடிதத்தாளோடு செயலாளர், கதவோரம் டெய்லர்.

"போட்டியிலேருந்து டெய்லர் பேரை எடுத்துடுவோம். இருபது நிமிஷத்துக்கு ஒருதரம் முழங்கால் வலின்னு உக்காந்துடுறாரு" என்றார் தலைவர்.

"சும்மாவா உக்கார்றாரு? பிஸ்கட் பாக்கெட்டை வேற பிரிச்சுடுறாரு. ஆட வர்றாரா, விருந்துக்கு வர்றாரா?" என்றார் பொருளாளர்.

டெய்லர் சிரித்தார். "எடுத்துடுங்க சார். வலிக்குதே, என்ன பண்றது?"

டெய்லரோடு ஜோடியாக ஆடும் செயலாளர் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"போட்டி நடத்துறவங்களுக்கு எழுதுய்யா" என்றார் தலைவர்.

செயலாளர் நிதானமாக எழுதி முடித்து, வாசித்துக் காட்டினார்:

"ஐயா, எனக்குச் சர்க்கரை நோய். ஆடும்போது சர்க்கரை இறங்கிக் கை நடுங்கும். வெளியே தெரிந்தால் என்னை ஒதுக்கிவிடுவார்கள் என்று மறைத்தேன். அந்த நேரமெல்லாம் என் ஜோடி டெய்லர், இல்லாத வலியைச் சொல்லி உட்கார்ந்து, பிஸ்கட்டை எனக்கு நீட்டினார். இரண்டு வருஷமாக நான் விழாமல் ஆடுவது அவரால்தான். எனக்கு ஐந்து நிமிட இடைவேளை தந்து, எங்கள் இருவரையும் ஆட அனுமதியுங்கள்."

தலைவர் கடிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பொருளாளர் உறையை ஒட்டினார்.

"குடுங்க, நானே தபால்பெட்டியில போட்டுட்டு வரேன்" என்று வாங்கிக்கொண்ட டெய்லர், இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி ஓடினார்.