கதவின் அகலம்

அன்று தூறல் விழுந்ததா, வண்டிகளைக் கழுவிய ஈரமா என்பது தையல்காரருக்கு இப்போது நிச்சயமில்லை.

பழைய வண்டிகள் விற்கும் முற்றத்தில் இரண்டு வண்டிகள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. அவரும் மனைவியும் ஓட்டிவந்த பதினெட்டு வயதுக் கார். அவர் வாங்க நினைத்த மூன்று வயது வேன்.

கார் தாழ்ந்தது. கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும். ஆனாலும் முன் இருக்கையில் விழுந்திருந்த குழிவு மனைவியின் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்தது போலிருக்கும்.

வேன் உயரம். கதவு பக்கவாட்டில் நழுவித் திறக்கும். ஏழு இருக்கைகள்.

"ரெண்டு பேருக்கு ஏழு சீட்டு எதுக்குங்க? மீதியில தையல் மெஷின உக்கார வெக்கவா?"

மனைவி கேட்டதும் தரகர் சிரித்துவிட்டார்.

"சொந்தக்காரங்க வருவாங்கல்ல," என்றார் தையல்காரர்.

"பத்து வருஷமா எட்டிப் பாக்காதவங்க, வேனப் பாத்ததும் ஓடி வரப் போறாங்களாக்கும்."

டாக்டர் அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு அவரிடம் மட்டும் சொல்லியிருந்தார். ஒரு வருஷம். அதற்குப் பிறகு கால் நிற்காது.

அவளிடம் தையல்காரர் சத்துக் குறைவு என்று சொல்லிவைத்திருந்தார்.

கார் அவள் பெயரில் இருந்தது. அதை விற்க அவள் கையெழுத்துப் போட வேண்டும். காரணம் தெரியாமலே போட வேண்டும்.

கழுத்தில் கழற்ற மறந்து தொங்கிய அளவு நாடாவை எடுத்தார். வேன் கதவின் திறப்பில் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் சுருட்டினார்.

மனைவி கைப்பையிலிருந்து கடை நோட்டை எடுத்தாள். முப்பது வருஷமாக அவர் அளவு சொல்வார், அவள் எழுதுவாள்.

"எத்தனைன்னு சொல்லுங்க."

அவர் தரையைப் பார்த்தார்.

"போன மாசமும் இப்படித்தான். எனக்கு பேன்ட் தைக்க அளவெடுத்தீங்க. எடது காலுக்கு வந்ததும் வாய மூடிக்கிட்டு நாடாவ சுருட்டிட்டீங்க. நீங்க கடைக்குப் போனப்புறம் நானே எடுத்துப் பாத்தேன்."

தரகர் வேனைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

அவள் நோட்டில் தன் அளவு எழுதிய பக்கத்தை விரித்துக் காட்டினாள். வலது கெண்டைக்கால் பதிமூன்றரை அங்குலம். இடது பன்னிரண்டு. அதற்குக் கீழே, அதே நிதானமான கையெழுத்தில், சக்கர நாற்காலி இருபத்தைந்து.

அவர் சுருட்டிய நாடாவை மறுபடி விரித்தார்.

"கதவு முப்பது," என்றார்.

எழுதிக்கொண்டாள். போய்க் காரின் முன் இருக்கையில் ஒரு தரம் உட்கார்ந்துவிட்டு வந்தாள்.

காரைத் தரகரே தன் மகளுக்காக வைத்துக்கொண்டார். வேனின் நடு இருக்கையைக் கழற்றித் தையல்கடையில் போட்டார்கள். வாடிக்கையாளர்கள் அதில்தான் காத்திருக்கிறார்கள். டாக்டர் சொன்ன ஒரு வருஷம் எட்டு மாதத்திலேயே முடிந்தது. நாற்காலி கதவுக்குள் தாராளமாகப் போகிறது.

இப்போது அவளால் பேனா பிடிக்க முடிவதில்லை. அவர் அளவைச் சொல்கிறார். அவள் நினைவில் வைத்துக்கொள்கிறாள்.